எலும்பு எப்படி நீளும்?

"முதுகை நீட்டுங்க, இன்னும் கொஞ்சம் நீட்டுங்க" என்று ஒரு மணி நேர வகுப்பில் நாற்பது தடவையாவது சொல்லிவிடுவேன். மதுரையில் ஒரு மொட்டைமாடியில் பதினைந்து வருஷமாக இதே பாட்டு. எவரும் எதிர்க்கேள்வி போட்டதில்லை. போன சித்திரையில் சேர்ந்த ஓர் அண்ணன்தான் கேட்டார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தண்டாசனத்தில் காலை நீட்டி உட்கார்ந்தபடியே, "மாஸ்டர், நீட்டு நீட்டுங்கிறீங்களே, எலும்பு எப்படி நீளும்?" என்றார்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பதில் தெரியும் என்றே நினைத்திருந்தேன். வாயைத் திறந்தால் வார்த்தை வரவில்லை. "ஆசனம் முடியட்டும்ணே, சொல்றேன்" என்று அப்போதைக்குத் தப்பித்தேன்.

எலும்பு நீளாது. ஆனால் முதுகுத்தண்டு நீளும். தினமும் நீண்டு, தினமும் குறுகும். கழுத்திலிருந்து இடுப்புவரை அசையக்கூடிய முள்ளெலும்புகள் 24: கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5. அதற்குக் கீழே இருப்பவை ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை. இவற்றுக்கு நடுவே 23 வட்டுகள். ஆஸ்பத்திரியில் டிஸ்க் என்பது இவற்றைத்தான். வட்டின் வெளிப்பக்கம் அடுக்கடுக்கான நார் வளையங்கள். ஓர் அடுக்கின் நார்கள் வலப்பக்கம் சாய்ந்து ஓடினால் அடுத்த அடுக்கின் நார்கள் இடப்பக்கம் சாய்ந்து ஓடும். உள்ளே நுங்கு மாதிரி வழுவழுப்பான கூழ். இளம் வயதில் அந்தக் கூழில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்.

பகலெல்லாம் நின்று, நடந்து, சுமந்து அந்தத் தண்ணீரில் கொஞ்சம் பிதுங்கி வெளியேறுகிறது. இரவு படுத்ததும், ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி வட்டு திரும்ப ஊறிக்கொள்கிறது. அதனால் காலையில் நாம் முந்தைய இரவைவிட ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் உயரமாக எழுந்திருக்கிறோம். விண்வெளி நிலையத்தில் எடையில்லாமல் மிதக்கிறவர்கள் 5 சென்டிமீட்டர் வரைகூட உயர்ந்துவிடுவதுண்டு. பூமிக்கு வந்ததும் பழைய உயரத்துக்கே இறங்கிவிடுவார்கள்.

இது தூக்கம் செய்கிற வேலை. என் வகுப்புக்கு இதில் பங்கு ஒன்றும் இல்லை. ஆனால் "நீட்டுங்க" என்றதும் இரண்டே நொடியில் ஒருவர் உயர்ந்து தெரிகிறாரே, அந்த நீளம் எங்கிருந்து வருகிறது?

மறுநாள் அண்ணனைச் சுவரோரம் ஸ்டூலில் உட்காரவைத்தேன். "டீக்கடை பெஞ்சுல உட்கார்ற மாதிரி உட்காருங்கண்ணே." உட்கார்ந்தார். உச்சந்தலைக்கு மேல் ஸ்கேலை வைத்துச் சுவரில் ஒரு பென்சில் கோடு. "இப்ப தலையில ஒரு தண்ணிக்குடம் இருக்குன்னு வச்சுக்கங்க. அதை அப்படியே மேல தள்ளுங்க." இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே மூன்று விரற்கடை. திரும்பிப் பார்த்தவருக்கு நம்பவே முடியவில்லை. நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம், செலவில்லாத பரிசோதனை.

அந்த மூன்று விரற்கடையும் வளைவிலிருந்து வந்தது. கூன்போட்டு உட்காரும்போது இடுப்புக்கூடு பின்னால் சரிகிறது. இடுப்பின் உள்வளைவு காணாமல்போய், முழு முதுகும் ஒரே பெரிய வளைவாகத் தொங்குகிறது. தலை முன்னால் போகிறது. நிமிரும்போது அந்தப் பெரிய வளைவு கலைந்து, முதுகு தனக்கே உரிய சின்னச் சின்ன வளைவுகளுக்குத் திரும்புகிறது. வட்டுகளோ எலும்புகளோ இழுபட்டு நீளவில்லை. சரிந்து கிடந்தது எழுந்து நிற்கிறது.

"முதுகை நேரா வை" என்று நாம் சொல்வதில் ஒரு குழப்பம் இருப்பது இங்கேதான் தெரியும். முதுகு நேர்க்கோடு கிடையாது. கழுத்தில் உள்ளே, மார்பில் வெளியே, இடுப்பில் மறுபடி உள்ளே என்று வளைந்து வளைந்து இறங்குகிறது. பிறக்கும்போது இந்த ஏற்பாடு இல்லை. பிறந்த குழந்தையின் முதுகு கருப்பையில் சுருண்டு கிடந்த அதே ஒற்றை வளைவு. மூன்று மாதம், நாலு மாதம் ஆனதும் பார்க்க வருகிற பாட்டிகள் முதலில் கேட்பது, "தலை நின்னுடுச்சா?" தலை நிற்கும்போதுதான் கழுத்தின் உள்வளைவு உருவாகிறது. குப்புற விழுந்து தலையையும் நெஞ்சையும் தூக்கிப் பார்க்கிற குழந்தையை யாராவது புஜங்காசனம் சொல்லிக்கொடுத்தா செய்யவைத்தார்கள்? உட்கார்ந்து, எழுந்து, நடை பழகும்போது இடுப்பின் வளைவு வந்து சேர்கிறது. ஒவ்வொரு வளைவும் எதையோ தூக்கி நிறுத்தக் கற்றுக்கொண்டதற்கான தடயம்.

ஆகவே "நீட்டுங்க" என்பதற்கு "வளைவை அழியுங்கள்" என்று பொருள் கொண்டால் வம்பு. அதைவிடப் பெரிய வம்பு, நெஞ்சைத் தூக்கிக்கொண்டு அட்டென்ஷனில் நிற்கிற போலீஸ் மாதிரி உட்காருவது. கீழ்விலா எலும்புகள் முன்னால் துருத்திக்கொள்ளும், இடுப்பு பின்பக்கம் மடிந்து நெருக்கும். பார்வைக்கு நிமிர்ந்த மாதிரிதான் இருக்கும். நாலு நிமிஷம் கழித்துக் கேட்டால் இடுப்பு வலிக்கிறது என்பார்கள்.

இனி அடுத்த கேள்வி: எழுந்து நிற்கிற தண்டை எது பிடித்துக்கொள்கிறது? தசைகளை எல்லாம் நீக்கி, எலும்பும் வட்டும் நாரும் மட்டும் விட்டுவைத்த இடுப்புத் தண்டை ஆய்வகத்தில் நிறுத்தி மேலிருந்து எடை ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். சுமார் 90 நியூட்டனில் அது நெளிந்து மடங்கிவிட்டது. 90 நியூட்டன் என்றால் ஒன்பது கிலோ. பத்து கிலோ அரிசி மூட்டையைக்கூடத் தாங்காது. நம் தலை, கை, உடம்பு எல்லாம் சேர்ந்தால் அதைப்போல் பல மடங்கு. அப்படியும் நிற்கிறோம், ஓடுகிறோம், பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் தேர் பார்க்கிறோம்.

இதைச் சொன்னதும் லைன்மேன் அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ஸ்டே கம்பி, மாஸ்டர்!" என்றார். லைன் திரும்புகிற முக்கில் நிற்கிற கம்பத்தைக் கவனித்திருப்பீர்கள். ஒரு பக்கம் லைன் இழுக்கும். எதிர்ப்பக்கம் மண்ணில் புதைத்த ஸ்டே கம்பி இழுத்துப் பிடிக்கும். ஸ்டே தொய்ந்தால் கம்பம் சாயும். "ரொம்ப முறுக்கினாலும் தப்பு, போஸ்ட் அந்தப் பக்கம் போயிரும்" என்று அவரே சேர்த்துக்கொண்டார். முதுகெலும்பு ஆராய்ச்சியில் பேர்பெற்ற கனடாக்காரர் ஸ்டூவர்ட் மெக்கில் இதே உவமையைத்தான் வருஷக்கணக்கில் பயன்படுத்திவருகிறார். எங்கள் அண்ணன் அவரைப் படித்ததில்லை.

1992இல் யேல் பல்கலைக்கழகத்தின் மனோகர் பஞ்சாபி இதற்கு ஒரு தெளிவான சட்டகம் கொடுத்தார். முதுகின் உறுதி மூன்று கூட்டாளிகளின் வேலை: எலும்பு, வட்டு, நார்கள் ஒரு கூட்டாளி, தசைகள் இன்னொரு கூட்டாளி, எப்போது எவ்வளவு இழுக்க வேண்டும் என்று கட்டளையிடுகிற நரம்பு மண்டலம் மூன்றாவது. ஒருவர் தளர்ந்தால் மற்ற இருவரும் ஈடுகொடுப்பார்கள், ஓர் அளவு வரை. ஒவ்வொரு முள்ளெலும்பு மூட்டிலும் நடுவில் ஏறக்குறைய தடையே இல்லாமல் அசையக்கூடிய ஒரு சிறு பகுதி உண்டு என்றும் அவர் காட்டினார். காயத்தாலோ தேய்மானத்தாலோ அந்தத் தளர்ந்த பகுதி அகலமாகும்போது மூட்டு 'ஆடுகிறது'. பல் ஆடுவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். எலும்பையும் நாரையும் உடற்பயிற்சியால் சட்டென்று மாற்ற முடியாது. தசையையும் நரம்பையும் பழக்கலாம்; யோகா ஆசிரியருக்குப் பிழைப்பு ஓடுவது அந்த இடத்தில்தான்.

1996இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பால் ஹாட்ஜஸும் கரோலின் ரிச்சர்ட்சனும் ஒரு வேடிக்கையான விஷயத்தைக் கண்டார்கள். கையை வேகமாகத் தூக்கச் சொன்னால், தோள்தசை இயங்குவதற்கு முன்பே வயிற்றின் ஆழத்தில் இருக்கிற டிரான்ஸ்வர்சஸ் தசை இறுகிவிடுகிறது. கை கிளம்புமுன்பே உடம்பு ஸ்டே கட்டிவிடுகிறது. நாள்பட்ட இடுப்புவலிக்காரர்களிடம் அந்த இறுக்கம் தாமதமாக வந்தது. அவ்வளவுதான், அதற்குப் பிறகு பல வருஷங்கள் உலகம் முழுக்க பிசியோதெரபி அறைகளிலும் யோகா கூடங்களிலும் "தொப்புளை உள்ளே இழு" என்பதே மந்திரமாகிவிட்டது. நானும் சொல்லியிருக்கிறேன். ஒற்றைத் தசையைத் தனியாகப் பிடித்துப் பழக்கினால் முதுகு சரியாகிவிடும் என்பது அந்த ஆய்விலிருந்து தாவிக் குதித்த முடிவு. ஒரே பக்கத்து இழுப்பால் எந்தக் கம்பமும் நிற்பதில்லை என்பதை அண்ணனிடம் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும்.

வயிற்றுக்குள் நடப்பதை ஒரு தகர டின்னாக நினைத்துக்கொள்ளுங்கள். மூடி உதரவிதானம், அடி இடுப்புத்தளத் தசைகள், சுற்றுச்சுவர் வயிற்றுத் தசைகளும் முதுகோடு ஒட்டிய சிறு தசைகளும். எல்லாம் மெல்ல இறுகும்போது உள்ளே அழுத்தம் கூடி, டின் கெட்டிப்படுகிறது. அதன் பின்சுவரில் சாய்ந்திருக்கும் தண்டும் உறுதிபெறுகிறது. மெல்ல என்பது முக்கியம். அன்றாட வேலைகளுக்கு முழு பலத்தில் பத்தில் ஒரு பங்கு இறுக்கம் போதும் என்பார் மெக்கில். வீரபத்ராசனத்தில் பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்து, கல்லாக நிற்கிறவர் தன் முதுகை நீட்டவில்லை. எல்லா ஸ்டேயையும் சேர்த்து முறுக்கித் தண்டைக் கீழ்நோக்கி அமுக்குகிறார். மூச்சு தடையில்லாமல் ஓடுகிறதா என்று நான் பார்ப்பது ஆன்மிகக் காரணத்துக்காக அல்ல, முறுக்கின் அளவை அதுதான் காட்டிக்கொடுக்கும். ஆசனம் உறுதியாகவும் வேண்டும், சுகமாகவும் வேண்டும் என்கிறாரே பதஞ்சலி, அவர் தண்டைப் பற்றிப் பேசவில்லை என்றாலும் கணக்கு பொருந்திப்போகிறது.

முன்னால் குனிகிற ஆசனங்களுக்கு வருவோம். அதிகத் தவறு நடப்பதும் அதிகக் கைதட்டல் கிடைப்பதும் இங்கேதான். நின்றபடி மெதுவாகக் குனிந்தால் முதுகுத் தசைகள் பிரேக் பிடித்துக்கொண்டே நம்மை இறக்குகின்றன. முழுக்கக் குனிந்து தொங்கியதும் அவை கையை விட்டுவிடுகின்றன. 1950களில் இங்கிலாந்தில் ஃபிளாய்டும் சில்வரும் முதுகுத் தசையின் மின்துடிப்பைப் பதிவு செய்தபோது, அந்த எல்லையில் துடிப்பு அடங்கிவிடுவதைக் கண்டார்கள். அப்போது உடம்பின் எடையைத் தாங்குவது நார்களும் வட்டுகளும். ஆரோக்கியமான முதுகுக்கு அது கெடுதி இல்லை. ஆனால் வட்டு ஏற்கனவே சிணுங்குகிறவர் அங்கேயே இரண்டு நிமிஷம் தொங்கி, "நல்லா ரிலாக்ஸா இருக்கு" என்று சொல்வது எனக்குச் சற்றுக் கவலையாகவே இருக்கும்.

வட்டுக்குள்ளே அழுத்தம் எவ்வளவு? ஸ்வீடனின் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களிலேயே ஊசி செலுத்தி அளக்கத் தொடங்கினார். 1999இல் ஜெர்மனியில் ஹான்ஸ்-யோவாகிம் வில்கே குழு ஒரு தன்னார்வலரின் இடுப்பு வட்டில் உணர்கருவியை வைத்து நாள் முழுக்க அளந்தது. குப்புறப் படுத்திருந்தபோது 0.1 மெகாபாஸ்கல், நின்றபோது 0.5, முதுகை வளைத்து 20 கிலோவைத் தூக்கியபோது 2.3. காற்றடிக்கிற கடைக் கணக்கில் சொன்னால், காருக்கு 32 பாயிண்ட் வைக்கிறோமே, சும்மா நிற்கும்போதே வட்டுக்குள் எழுபதுக்கு மேல். வளைந்து தூக்கினால் முந்நூற்று முப்பதுக்கு மேல். முழங்காலை மடக்கித் தூக்கியபோது அது கணிசமாகக் குறைந்தது.

பச்சிமோத்தாசனத்தில் என் வகுப்பு அம்மா ஒருவர் மாதக்கணக்கில் கால் விரலைத் தொடப் போராடினார். பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தேன். குனிந்தது அவருடைய முதுகின் நடுப்பகுதி மட்டும். இடுப்புக்கூடு ஒரு அங்குலம்கூட முன்னால் சாயவில்லை, உண்மையில் பின்னால் சாய்ந்திருந்தது. காரணம் தொடையின் பின்பக்கத் தசைகள். அவை உட்காரும் எலும்பில் தொடங்கி முழங்காலைத் தாண்டிப் போய்ப் பிடித்துக்கொள்பவை. காலை நீட்டியதும் இறுகி, இடுப்புக்கூட்டைக் கீழே பிடித்து இழுக்கின்றன. மிச்சக் குனிதலை இடுப்பு வட்டுகள் தலையில் கட்டிக்கொள்கின்றன. இரண்டு பெட்ஷீட்டை மடித்து அவர் உட்காரும் இடத்தில் வைத்தேன், முழங்காலை லேசாக மடக்கச் சொன்னேன். "தொப்புள் தொடைகிட்ட போகட்டும்மா, தலை எங்க போனாலும் பரவாயில்ல." இடுப்பு முன்னால் உருண்டது. முதுகு நீண்டு, கை கால்விரலுக்கு ஒரு சாண் தள்ளியே நின்றது. அவருக்கு ஏமாற்றம், எனக்கு அன்றைக்கு அதுதான் நல்ல பச்சிமோத்தாசனம்.

இங்கே என் தப்பு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பிரம்ம முகூர்த்தம் என்று பெருமையாக ஐந்தரை மணிக்கு வகுப்பைத் தொடங்கி, முதல் பத்து நிமிஷத்திலேயே எல்லாரையும் ஆழமாகக் குனியவைத்துக்கொண்டிருந்தேன். இரவெல்லாம் ஊறிய வட்டு, காற்று நிரம்பிய டியூப் மாதிரி விறைத்திருக்கும். அந்த நேரத்தில் குனிந்தால் வட்டின் மேல் விழும் வளைவு அழுத்தம் பிற்பகலைவிடப் பல மடங்கு என்று 1987இல் ஆடம்ஸ், டோலன் குழு காட்டியிருக்கிறது. 1998இல் ஸ்டோவர் ஸ்னூக் என்பவர் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்களிடம் வேறு எந்த வித்தையும் காட்டவில்லை. விடிந்ததும் முதல் சில மணி நேரம் குனியாதீர்கள் என்றார். வலி குறைந்தது. இப்போது நாங்கள் முதலில் நடக்கிறோம், நிற்கிறோம், கை தூக்குகிறோம், மார்ஜரி ஆசனத்தில் கையும் முழங்காலும் ஊன்றி முதுகை மெல்ல அசைக்கிறோம். ஆழ்ந்த குனிதல் கடைசிக் கால் மணி நேரத்தில்.

எலும்பு மெலிந்தவர்களுக்கு இது இன்னும் கறாராகப் பொருந்தும். 1984இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் சினாக்கியும் மிக்கெல்சனும், மாதவிடாய் நின்று எலும்புப்புரை வந்த பெண்களைக் கவனித்தார்கள். முதுகைப் பின்னால் நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம் பேருக்குப் புதிதாக முள்ளெலும்பு நசுங்கியது. முன்னால் வளைக்கும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்கு. இரண்டாவது குழுவில் இருந்தவர்கள் மிகச் சிலரே என்பதால் எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என்றாலும் அறுபது கடந்த அம்மாக்கள் வகுப்பில் சேர்ந்தால் முதுகை நன்றாக முன்னால் வளைக்கிற ஹலாசனத்தை அவர்கள் பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறேன். யாரும் அதற்காகச் சண்டைக்கு வந்ததில்லை.

திருகாசனங்களைப் பற்றி ஒன்றே ஒன்று. இடுப்பு முள்ளெலும்புகளின் பின்பக்கச் சிறு மூட்டுகள் கதவுத் தாழ்ப்பாள் மாதிரி அமைந்தவை. ஒவ்வொன்றும் ஓரிரு பாகைக்கு மேல் திரும்பாது. திரும்புகிற சாமர்த்தியமெல்லாம் மார்பு முதுகுக்கும் கழுத்துக்கும்தான். கூன்போட்டு உட்கார்ந்து பக்கவாட்டில் திரும்பிப் பாருங்கள், பிறகு குடத்தை மேலே தள்ளிவிட்டுத் திரும்பிப் பாருங்கள்.

அந்தக் குடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வகுப்பில் நான் 'மல்டிஃபிடஸ்' மாதிரித் தசைப் பெயர்களை ஒருநாளும் சொல்வதில்லை. காபிரியேலே வுல்ஃப் என்ற ஆய்வாளர் 1998இல் பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியில் சிலரை ஏற்றி, ஒரு குழுவிடம் "பாதத்தால் அழுத்துங்கள்" என்றும், இன்னொரு குழுவிடம் "பாதத்துக்குக் கீழே இருக்கிற சக்கரத்தை அழுத்துங்கள்" என்றும் சொல்லவைத்தார். வேலை ஒன்றே. சக்கரத்தை நினைத்தவர்கள் நன்றாகக் கற்றார்கள். உடம்பின் உள்ளே கவனத்தைத் திருப்பினால் தானாக ஓடுகிற நரம்பின் வேலையில் நாம் குறுக்கே விழுகிறோம் என்பது அவர் விளக்கம். புனேயில் பி.கே.எஸ். அய்யங்கார் மரக்கட்டையும் பெல்ட்டும் கயிறும் வைத்துக் கற்பித்ததில் இந்த வித்தையும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்: கட்டையை அழுத்து என்றால் போதும், எந்தத் தசை என்று யாரும் தேட வேண்டாம். அவருடைய குரு கிருஷ்ணமாச்சாரியார் சென்னையில் கடைசிக் காலம்வரை ஆளுக்கேற்ப ஆசனத்தை மாற்றிச் சொல்லிக்கொடுத்தவர். அந்த வழியைத் தொடர்ந்த மகன் தேசிகாச்சார் படித்தது சிவில் இன்ஜினியரிங். தூணும் சுமையும் தெரிந்த மனிதர் முதுகைப் பார்க்கிற பார்வையே வேறாக இருந்திருக்கும்.

அந்தச் சென்னை வழியிலிருந்து கிளைத்த வினியோகா முறையை 2005இல் அமெரிக்காவின் சியாட்டிலில் கேரன் ஷெர்மன் குழு, இடுப்புவலி உள்ள 101 பேரிடம் சோதித்தது. பன்னிரண்டு வாரம் கழித்து, வலியைப் பற்றிய புத்தகம் மட்டும் வாங்கிப்போனவர்களைவிட யோகா செய்தவர்கள் நன்றாகவே தேறியிருந்தார்கள். 2011இல் 228 பேரை வைத்து மறுபடி பார்த்தார்கள். இந்தத் தடவை யோகாவுக்கு எதிரே வெறும் தசைநீட்டல் பயிற்சி வகுப்பையும் நிறுத்தினார்கள். இரண்டும் சரிசமம்.

இதை நான் மறைக்காமல் வகுப்பில் சொன்னேன். பெட்ஷீட்டின் மேல் உட்கார்ந்திருந்த லைன்மேன் அண்ணன் கொஞ்சநேரம் யோசித்தார்.

"அப்ப ரெண்டும் ஒண்ணுதானா மாஸ்டர்?"

"முதுகுவலிக்கு ரெண்டும் ஒண்ணுதாண்ணே."

"அப்ப ஃபீஸைக் குறைப்பீங்களா?"

"குடத்தை மேல தள்ளுங்கண்ணே" என்றேன்.